கண்மாய்க் கரையில் பதினோரு நாள்

சாக்கோட்டை,
11.10.2025, சனிக்கிழமை

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மாமா, மாமி, நம் மகள் சப்ரின், நான் நால்வரும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் வெள்ளிக்கிழமைதோறும் தெருவே கேட்டுக்கொள்கிறதே, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஸ்பெயினுக்குப் போன இந்த ஏழு மாதத்தில் உங்கள் போன் இந்த வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் மாமி பித்தளைச் சொம்பைத் துடைத்து நடுக்கூடத்தில் வைப்பார்கள். ஸ்பீக்கரைப் போட்டு போனைச் சொம்புக்குள் நிறுத்தினால் சத்தம் கணீரென்று கேட்கும் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்துகொள்வோம். பக்கத்து வீட்டு சீதை அக்காவும் வெற்றிலைப் பையோடு வந்துவிடுவார். அரை மணி நேரம் நீங்கள் பேசுவீர்கள், இவர்கள் கேட்பார்கள். கடைசி இரண்டு நிமிடம் எனக்கு. அதுவும் சொம்புக்குள்தான். சாப்பிட்டீகளா என்பேன், சாப்பிட்டேன் என்பீர்கள். அவ்வளவு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் வேறு என்ன பேசுவாள்? என் போனுக்கு நீங்கள் அனுப்புவதையும் சப்ரின்தான் முதலில் திறக்கிறாள், திறந்து ஊருக்கே கேட்கும்படி போடுகிறாள். அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிகிறது.

சுற்றுலா வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நீங்கள் சைக்கிளில் போகும் ரோடுகளின் மேல் முதல் பொறாமை. ட்ருஹியோ என்று ஓர் ஊர், அங்கிருந்து புறப்பட்டால் இருபது கிலோமீட்டருக்கு ஒரு லாரி கிடையாது என்றீர்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஓக் மரம், மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தின்னும் கறுப்புப் பன்றி. (பன்றி என்றதும் மாமி காதைப் பொத்திக்கொண்டார்கள், அது வேறு.) கார்க்காரன் பின்னால் வந்தால் ஹாரன் அடிக்காமல், நீங்கள் ஒதுங்கும் வரை பொறுமையாக வருவானாமே. நம் காரைக்குடி ரோட்டில் ஒரு தரம் சைக்கிளோடு இறங்கிப் பாருங்கள், பஸ்காரன் ஹாரனிலேயே நம்மைப் பள்ளத்தில் தள்ளிவிடுவான். ஊருக்கு ஊர் கல்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்குமாம், குனிந்து குடிக்கலாமாம். ரோமாபுரிக்காரர்கள் கட்டிய பாலத்தின் மேல் இன்றைக்கும் சைக்கிள் போகுமாம். ஒரு பழைய கோட்டையில் நிறுத்தி, நம் அரபுக்காரர்கள் வெட்டிய தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன் என்றீர்கள். அடேங்கப்பா. நான் கடைசியாகப் பார்த்த புது இடம் புதுவயல் மாவு மில்.

கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவர்கள் திரும்பி வந்து அந்த ஊரில் கட்டிய பெரிய வீடுகள், வாசலுக்கு மேலே கல்லில் குடும்ப அடையாளம், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, கோபுரத்தில் நாரை கூடு கட்டியிருக்கிறது என்று அன்றைக்கு வர்ணித்தீர்கள். பூட்டின வீட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, கானாடுகாத்தானில் தெருத் தெருவாக இருக்கிறதே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தப் பூட்டின வீடுகளைக்கூட சைக்கிளில் போய்ப் பார்ப்பது நீங்கள், நான் இல்லை.

படங்கள் வேறு அனுப்புகிறீர்கள். பின்னால் வரும் வேன் டிரைவர் எடுப்பதாம். எல்லாப் படத்திலும் ரோடு நீண்டு போகிறது, உங்கள் முதுகு தெரிகிறது. ஒரு படத்திலாவது முகத்தைக் காணோம்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

நீங்கள் முன்பு வேலை பார்த்த கானாடுகாத்தான் ஓட்டல் மேனேஜர் தேவிகா மேடம் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். காலை வேளையில் பெண் விருந்தாளிகளைச் சைக்கிளில் கூட்டிப்போக ஒரு பெண் வேண்டுமாம். கானாடுகாத்தானில் தொடங்கி, பள்ளத்தூர் பக்கம் உள்ரோடாகவே வந்து, நம் கண்மாய்க் கரை வரை வந்து திரும்ப வேண்டும். நீ சைக்கிள் ஓட்டுவாய் என்று ஆரிஃப் ஒரு தடவை சொன்னாரே, வருகிறாயா, நவம்பர் பத்துக்குள் பதில் சொல் என்றார். எனக்கு உடனே தலையாட்டத்தான் ஆசை. மாமி முகத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவனிடம் கேட்டுவிடுவோம் என்றார்கள். நேற்று சொம்புக்குள் கேட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "எதுக்கும்மா, ரோட்டுல எவன் என்ன சொல்வானோ, வெயில் வேற. நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். சீதை அக்கா, அதுவும் சரிதான் என்று வெற்றிலையை மடித்தார். என் வேலை அந்த மடிப்போடு முடிந்தது.

முடிந்த கையோடு பிலார் கதையை ஆரம்பித்தீர்கள். உங்கள் கம்பெனி முதலாளியின் தங்கை, போன வருஷம் சைக்கிளில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டவள், அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவே பயந்தவள், அவளை நீங்கள் மூன்று நாளில் ஓட்ட வைத்துவிட்டீர்களாம். எப்படிடா என்று மாமா கேட்க, நீங்கள் சொன்னீர்கள்: "முன் சக்கரத்தப் பாக்காதீக, அந்தா தூரத்துல நிக்கிற ஓக் மரத்தப் பாருங்க, சைக்கிள் தானாப் போகும்னு சொன்னேன் அத்தா. திரும்பிப் பாக்காதீக, நான் பிடிச்சிருக்கேன்னு சொன்னேன்." மாமி நெகிழ்ந்துபோய், "மாஷா அல்லாஹ், எம் புள்ளைக்கு எம்புட்டு அறிவு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த தேய்ப்பில் சட்டியின் அடி கழன்றிருக்க வேண்டும்.

அது யாருடைய வார்த்தை, மச்சான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் தேவிகா மேடம், விருந்தாளிகளுக்கு முன்னால் சைக்கிளில் போய் வழி காட்டணும், ஓட்டத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியுமே மேடம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பேயறைந்த மாதிரி நின்றீர்கள். சின்ன வயதில் தாஹா அண்ணன் மிதிக்க, நீங்கள் கேரியரில் உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளை. கேரியரிலிருந்து இறங்கி நேரே ஸ்கூட்டரில் ஏறியவர். முப்பது வயது ஆம்பளைக்குச் சைக்கிள் தெரியாது என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? நான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் சைக்கிளை இறக்கினேன். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிள், பீரோவோடும் பாத்திரத்தோடும் கண்டரமாணிக்கத்திலிருந்து கல்யாணச் சீராக லாரியில் வந்தது. விடிகாலை பஜ்ரு தொழுகை முடிந்ததும், டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார் என்று மாமியிடம் சொல்லிவிட்டு, இருவரும் கண்மாய்க் கரைக்குப் போனோம். பதினோரு நாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது யார்? "அந்தா தெரியுற ஒத்தப் பனையப் பாருங்க, திரும்பிப் பாக்காதீக" என்று தொண்டை வறளக் கத்தியது யார்? ஏழாவது நாள் நான் கையை விட்டது தெரியாமல் பனை வரைக்கும் போனீர்களே. போய்ச் சேற்றில் விழுந்தீர்கள், அது வேறு விஷயம்.

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டீர்கள். சரி, புருஷன் மானம் என்று நானும் இன்று வரை வாய் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் வந்தபோது தேவிகா மேடம் உங்கள் கம்பெனி வெப்சைட்டைக் காட்டினாரே. உங்கள் படத்துக்குக் கீழே, தந்தையிடம் சைக்கிள் கற்றவர் என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அவர்கள் எப்படிப் போடுவார்கள்? மாமாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினார். மாமா முதலில் விழித்தார். பிறகு அப்படியே நம்பிவிட்டார். இப்போது வீரையா டீக்கடையில் உட்கார்ந்து, எப்படிக் கற்றுக்கொடுத்தேன், விழுந்த இடத்தில் எப்படி மஞ்சள் வைத்தேன் என்று தினம் ஒரு கதை அளக்கிறார். தாஹா அண்ணனையாவது சொல்லியிருக்கலாம், அவர் மிதித்தார்.

பிலார் மேல் எனக்கு ஒன்றுமில்லை. கை ஒடிந்தவள், பாவம். சரி, கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் பின்னால் ஓடி வர அவள் முன்னால் போயிருக்கிறாள், எனக்காக இதுவரை யார் பின்னால் ஓடினார்கள்? அவள் ஓட்டினால் கைதட்டு, நான் ஓட்டினால் வெயில். அங்கே அறுபது வயதுப் பெண்களுக்கெல்லாம் ரோடு காட்டுகிற நீங்கள், எனக்கு மட்டும் எவன் என்ன சொல்வானோ என்கிறீர்கள். என் சைக்கிள் கொல்லையில் கிடக்கிறது. முன்கூடையில் கோழி முட்டையிடுகிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் என்னிடம் தனியாகச் சமாதானம் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை, சொம்புக்குள், எல்லோரும் இருக்கும்போது, உங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்று சொல்லுங்கள். பிறகு அந்த வேலைக்கு நான் போகட்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் போனில் பிலாரைப் பற்றியும் இனிப் பேசாதீர்கள்.

பனி இறங்கும் நாடு, காதை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஐந்து வேளையும் கையேந்துகிறேன், கோபத்தோடுதான்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த
பர்வீன் பானு


சாக்கோட்டை,
16.11.2025, ஞாயிறு

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நல்ல மழை. கண்மாய் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. எல்லோரும் சுகம், ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் அவசரப்பட்டு என்னைத் தனியாகக் கூப்பிடாமல் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தீர்களே, அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, மாமி எப்போதும் போல என்னடா சாப்பிட்டாய் என்று ஆரம்பிக்கும் முன்பே, "அத்தா, அம்மா, எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தது பர்வீன்தான். நம்ம கண்மாய்க் கரையில. நான்தான் வெக்கப்பட்டு மறச்சேன். அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுத்தான் அன்னைக்கு வேணாம்னேன், அந்த வேலைக்கு அவ போகட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அப்புறம் லைன் கட்டாகிவிட்டதா என்று மூன்று தரம் கேட்டீர்கள். கட்டாகவில்லை. இந்தப் பக்கம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சீதை அக்கா வெற்றிலையை வாயில் வைத்தபடியே மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மாமி சிரிக்க ஆரம்பித்தார்கள். சாதாரணச் சிரிப்பில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்: "ஏம்புள்ள, பதினோரு நாளும் அவன் லுங்கியில கண்மாய்ச் சேறு இருந்துச்சே, அதத் தொவச்சது யாரு? வாக்கிங் போனவனுக்கு முட்டியில எதுக்கு ரத்தம்? எனக்கு அன்னைக்கே தெரியும்." மூன்று வருஷமாகத் தெரியுமாம். மகனுக்கு மானக்கேடு என்று அவர்களும் வாய் திறக்கவில்லையாம். நான் ஒருத்திதான் ரகசியம் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, வேலைக்கு வேண்டாம் என்று நினைத்தீர்களே மாமி என்று கேட்டேன். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எப்ப வேணாம்னேன்? அவங்கிட்டக் கேட்டேன், அவன் வேணாம்னான். நீயும் வாயத் தொறக்கல. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார்கள். அம்மாவுக்குப் பிடிக்காது என்று நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மகனுக்குப் பிடிக்கவில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்று நான் சட்டியைத் தேய்த்தேன். எல்லாம் அந்தச் சொம்பால் வந்த வினை.

மாமா ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். முன்கூடையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து மாமியிடம் கொடுத்துவிட்டு, "செயினுக்கு எண்ணெய் போட்டுட்டேன். பிரேக்கு பிடிக்கல, கடையில குடுத்து மாத்தணும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவரே தள்ளிக்கொண்டு போய் மாற்றி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வீரையா டீக்கடையில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? மருமகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததே தான்தானாம்! இதற்கு நான் எந்த நாட்டுக்குக் கடிதம் போடுவது?

சுகமில்லாத ஒருவர் என்றேனே, அது கோழி. கூடை போன துக்கத்தில் மூன்று நாளாக முட்டையிடவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பொறாமைப்பட வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நேற்றுதான் வேலைக்கு முதல் நாள். பெங்களூரிலிருந்து வந்த நான்கு பெண்கள். கானாடுகாத்தானில் விடிந்தும் விடியாமல் புறப்பட்டோம். ராத்திரி மழை பெய்து செம்மண் இறுகியிருந்தது, டயர் ஓடுவதே தெரியவில்லை. பூட்டின வீடுகளின் நீளச் சுவரை ஒட்டியே போனோம். அது முடிந்து பள்ளத்தூர் உள்ரோட்டில் திரும்பினால் ஆள் நடமாட்டம் இல்லை, லாரி இல்லை, பஸ் இல்லை. ஒரு பால்காரர் எதிரே வந்தார், அவரும் மணியடித்துவிட்டுப் போனார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கூடவே வந்தது. கல் சுவர் இல்லை, ரோமாபுரிப் பாலம் இல்லை, வேலிக்கருவைதான். ஆனால் என் துப்பட்டாவைக் காற்று பின்னால் இழுத்தது மச்சான். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் போகும்போது இழுத்த அதே காற்று. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். விருந்தாளிகள் என்ன என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். எவனும் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலும் வரவில்லை.

நால்வரில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். சைக்கிளைத் தொட்டு முப்பது வருஷமாயிற்றாம். கண்மாய்க் கரை ஏற்றத்தில் இறங்கிவிட்டார், பயமாக இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றார். நான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒத்தப் பனை அங்கேயே நிற்கிறது. முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அந்தப் பனையைப் பாருங்கள் என்றேன். செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஓடினேன். பாதி தூரத்தில் கையை விட்டுவிட்டு, பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். பனையைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டு, அவர் குழந்தையைப் போலக் குதித்தார். இதற்கு முன்னால் யாருக்காவது கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவருக்கு, அவர் இப்போது ஸ்பெயினில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத வரவில்லை.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் நீங்கள் அனுப்பிய படம். ஓக் மரங்களுக்கு மேலே கொக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறது, கீழே ஈர ரோடு, ரோட்டில் உங்கள் முதுகு. மறுபடியும் எரிந்தது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே புரிந்தது. அந்த ரோட்டின் மேல் இல்லை, கொக்கின் மேல் இல்லை, பிலார் மேலும் இல்லை. நேற்று நான் அவ்வளவு நன்றாக ஓட்டினேன், அதைப் பார்க்க நீங்கள் இல்லை. உங்களைத் தினமும் பார்க்கிற அந்த வேன் டிரைவர் மேல்தான் என் பொறாமை எல்லாம்.

போன வெள்ளிக்கிழமை, குளிர்காலம் முழுக்க இருந்து சைக்கிள்களைப் பழுது பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், அப்படியே அடுத்த சீசனையும் முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டீர்கள். மாமா, நல்ல சந்தர்ப்பம், விடாதே என்றார். மாமி, உன் உடம்பு தாங்கினால் சரி என்றார்கள். சீதை அக்காவும் சரி என்றார். கடைசி இரண்டு நிமிடத்தில் என்னைக் கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்று சொன்னேன். அது சொம்புக்குச் சொன்ன பதில்.

உங்களுக்கான பதில் இது. டிசம்பரில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள், டிசம்பரில் வாருங்கள். சப்ரினுக்கு ஏழு வயது, சைக்கிள் கற்றுக்கொடு என்று உயிரை எடுக்கிறாள். இன்னும் தொடங்கவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும், மாமாவை விட்டால் அவளுக்கும் அவரே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

அல்லாஹ் உங்கள் வழியெல்லாம் காவலாக இருக்கட்டும். அந்தக் கண்மாய்க் கரையில் பதினோரு நாளும், திரும்பிப் பாக்காதீக, திரும்பிப் பாக்காதீக என்று கத்தினேன். நீங்களும் என் பேச்சைத் தட்டாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். போதும் மச்சான். சைக்கிள் உங்களுக்கு நன்றாக வந்துவிட்டது. இனிமேல் திரும்பிப் பார்க்கலாம்.

கரையிலேயே நிற்கும்,
பர்வீன்